மொனிற்றரை நிமிர்த்தி வைத்து ரைப் செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ ரைப்செற்றிங் கடை வைத்திருப்பவரின் ஒரு நாள் வேலையைப் பாருங்கள். பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கும் கடிதம், காணிப் பிரச்சினைக்கான முறைப்பாடு, தவணைப் பரீட்சை வினாத்தாள், கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்ட அறிக்கை, கோயில் திருவிழா நோட்டீஸ், இறந்தவரின் நினைவாக 31ஆம் நாளில் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம். ஏறக்குறைய எல்லாமே நெடுக்குத் தாள். அதை அடிக்கிற திரை மட்டும் குறுக்கே படுத்துக் கிடக்கிறது.

இதனால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். சாதாரண 1920 × 1080 திரையில் வேர்டைத் திறந்தால், மேலே கட்டளைப் பொத்தான்கள் நிற்கும் ரிபன், கீழே டாஸ்க்பார் எல்லாம் போக உயரத்தில் மிஞ்சுவது 800 பிக்சல் சொச்சம்தான். ஏ4 தாள் முழுதாகத் தெரிய வேண்டுமென்றால் ஏறக்குறைய 70 வீதத்துக்குச் சுருக்க வேண்டும். அந்த அளவில் ன, ண இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். மெய்யெழுத்துக்குப் புள்ளி விழுந்திருக்கிறதா இல்லையா என்பது தெரியவே தெரியாது. எழுத்துத் தெரியட்டும் என்று பெருப்பித்தால் அரைப் பக்கம்தான் கண்ணில் படும். ஆக, ஒன்றில் பக்கம் தெரியும், இல்லாவிட்டால் எழுத்துத் தெரியும். அதே திரையை நிமிர்த்தி வைத்தால் ஏ4 பக்கம் முழுதும் 130 வீதத்தில் வந்து நிற்கும். புள்ளியும் தெரியும், பக்கத்தின் அடியும் தெரியும். தமிழில் ரைப் செய்கிறவர்களுக்கு இந்த மாற்றம் பெரியது என்பது என் உறுதியான எண்ணம்.

இது புதிய யோசனையும் அல்ல. 1973இல் அமெரிக்காவில் செரொக்ஸ் ஆய்வுகூடம் உருவாக்கிய ஆல்ரோ கணினிக்கு இருந்தது 606 × 808 பிக்சல் கொண்ட நெடுக்குத் திரைதான். தாளில் அச்சாகப் போவதை அப்படியே திரையில் காட்டிய முதல் எழுத்துச் செயலி, பிராவோ, அதில்தான் ஓடியது. இன்று நம் மேசைகளில் இருக்கும் 16:9 வடிவம் தொலைக்காட்சியின் வழியாக வந்தது.

சரி, வேலைக்கு வருவோம்.

எந்த மொனிற்றர்?

கையில் இருப்பதையே முதலில் சோதியுங்கள். புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. கவனிக்க வேண்டியவை மூன்று: திரையின் வகை, அளவு, ஸ்ராண்ட். இவற்றில் வகைதான் முக்கியம். அதைத்தான் அநேகம் பேர் பார்ப்பதில்லை.

பழைய, மலிவான மொனிற்றர்களில் பல ரிஎன் (TN) வகை. நேரே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். கீழிருந்து மேலாகப் பார்த்தால் படம் கறுத்து, நிறங்கள் தலைகீழாக மாறிவிடும். படுத்த நிலையில் இது தொல்லை தராது, யாரும் மேசைக்குக் கீழிருந்து ரைப் செய்வதில்லை. ஆனால் திரையை நிமிர்த்தியதும் அந்தக் கெட்ட பக்கம் இடமாகவோ வலமாகவோ வந்துவிடும். இடக்கண்ணுக்கு ஒரு வெளிச்சம், வலக்கண்ணுக்கு இன்னொரு வெளிச்சம். வெள்ளைத் தாளின் ஒரு ஓரம் மஞ்சளாகத் தெரியும். சிறிது நேரத்திலேயே கண் உளைய ஆரம்பிக்கும். ஐபிஎஸ் (IPS) வகைத் திரையில் இந்தக் குறை இல்லை. விஏ (VA) வகை இடைநடு, பார்த்து எடுக்கலாம்.

கடையில் வாங்கும்போது இதை எப்படிக் கண்டுபிடிப்பது? திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றையும் அதற்குப் பக்கத்தில் நிறப்படம் ஒன்றையும் திறக்கச் சொல்லுங்கள். அப்புறம் திரைக்கு முன்னால் குந்தி இருந்து கீழிருந்து மேலே பாருங்கள். படம் கறுத்து மாறினால் அது ரிஎன். அதை நிமிர்த்தி வைக்க எடுக்க வேண்டாம். கடைக்காரர் சொல்லும் மாதிரி எண்ணை விட இந்தச் சோதனைதான் நம்பக்கூடியது.

அளவைப் பொறுத்தவரை 24 அங்குலம் மிகப் பொருத்தம். நிமிர்த்தினால் அகலம் கிட்டத்தட்ட 30 செ.மீ., உயரம் 53 செ.மீ. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. என்பதால் இரண்டு பக்கமும் போதிய இடம் இருக்கும். 21.5 அங்குலத் திரையில் அகலம் 27 செ.மீ. அளவில் வரும், அதுவும் போதும். 27 அங்குலம் நிமிர்த்தி வைப்பதற்கு அதிக உயரம். அண்ணாந்து பார்க்க வேண்டி வரும். பழைய சதுரமான 19 அங்குலத் திரை, 1280 × 1024 பிக்சல் உள்ளது, ஒரு பக்க வேலைக்கு நன்றாகவே பயன்படும். ஆனால் அவற்றில் ரிஎன் அதிகம், ஆகவே குந்திப் பார்க்காமல் எடுக்க வேண்டாம்.

அலுவலகங்கள் கழித்து விற்கும் பாவித்த மொனிற்றர்களில் டெல்லின் பி வரிசை, எச்பியின் எலைட்டிஸ்பிளே வரிசை போன்றவற்றுக்குப் பெரும்பாலும் சுழலும் ஸ்ராண்ட் சேர்ந்தே வரும். ஸ்ராண்ட் இல்லாமல் திரை மட்டும் விற்பதும் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

சுழலும் ஸ்ராண்ட் இல்லாவிட்டால்

திரையின் முதுகைப் பாருங்கள். சதுரமாக நான்கு திருகுத் துளைகள் இருந்தால் கவலை இல்லை. துளைக்குத் துளை தூரம் 75 மி.மீ. அல்லது 100 மி.மீ. ஆக இருக்கும். இதை வெசா அளவு என்பார்கள். இதற்குப் பொருந்தும் மேசைக் கை கடைகளில் கிடைக்கிறது. மேசை விளிம்பில் கவ்வி நிற்கும், உயர்த்தலாம், தாழ்த்தலாம், சுழற்றலாம். மேசைப் பலகை மெல்லிய ஒட்டுப் பலகை என்றால் கவ்வும் இடத்தில் மேலும் கீழும் ஒரு மரத்துண்டு வைத்து இறுக்குங்கள். இல்லாவிட்டால் பலகை நசிந்துவிடும்.

இன்னொரு வழி தச்சு வேலை செய்பவரிடம் போவது. வன்னியில் பாலை, முதிரை, வேம்பு எல்லாம் அறிந்த தச்சர்மாருக்கு இது சின்ன வேலை. ஒரு நிமிர்ந்த பலகை, அதற்குக் கனமான அடிப்பலகை, பின்பக்கம் முட்டுக்கொடுக்க ஒரு முக்கோணத் துண்டு. நிமிர்ந்த பலகையில் நான்கு துளை. அவரிடம் மூன்று விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். ஒன்று, அடிப்பலகை திரையின் அகலத்துக்குக் குறையக் கூடாது. நிமிர்ந்த திரைக்கு மேற்பாரம் கூட. மேசையில் யாராவது இடித்தால் சாயும். இரண்டு, பலகை திரையின் முதுகில் உள்ள காற்றுத் துளைகளை மூடக் கூடாது. நம் ஊர் வெக்கைக்கு அந்தத் துளைகள் திறந்தே இருக்க வேண்டும். மூன்று, திருகின் நீளம். இந்தத் துளைகளுக்கு எம்4 எனப்படும் 4 மி.மீ. தடிப்புள்ள திருகுதான் பொருந்தும். பலகையின் தடிப்போடு சேர்த்து, திரைக்குள் சில மில்லிமீற்றர் மட்டும் போகிற நீளத்தில் எடுங்கள். நீளமான திருகை இறுக்கினால் உள்ளே இருக்கும் பாகத்தைக் குத்திவிடும்.

சுவரில் சாய்த்து வைப்பது, புத்தகங்களை முட்டுக்கொடுப்பது போன்ற ஏற்பாடுகள் வேண்டாம். ஒரு நாளைக்குச் சரி, வேலைத்தலத்துக்குச் சரியில்லை.

திருப்புதல்

கணினியை நிறுத்திவிட்டு மின்கேபிளையும் படக்கேபிளையும் கழற்றுங்கள். கழற்றாமலும் திருப்பலாம், ஆனால் கேபிள் இழுபட்டு முனை வளைந்த பிறகு வருந்திப் பயனில்லை. திரையை ஸ்ராண்டில் ஆக உயரத்துக்கு உயர்த்துங்கள். மேல் விளிம்பைச் சற்றுப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். உயர்த்தாமல் சுற்றினால் மூலை மேசையில் இடிக்கும். ஒரு பக்கம் சுற்ற மறுத்தால் பலவந்தப்படுத்த வேண்டாம். பல ஸ்ராண்டுகள் ஒரு பக்கத்துக்கு மட்டுமே சுற்றும். திரைக் கண்ணாடியின் நடுவில் விரலால் அழுத்தக் கூடாது.

அப்புறம் உயரம். இதில்தான் கழுத்து தப்புவதும் மாட்டுவதும் இருக்கிறது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருப்பது நல்லது என்பது பொதுவான விதி. 53 செ.மீ. உயரத் திரையில் அது எல்லோருக்கும் அமையாது. ஆகவே திரையை முடிந்தவரை கீழே இறக்குங்கள், கீழ் விளிம்பு மேசையைத் தொடாமல் நின்றால் போதும். இன்னும் உயரமாகத் தெரிந்தால் கதிரையை உயர்த்துங்கள். பிளாஸ்ரிக் கதிரை என்றால் மெத்தை ஒன்று போடலாம். திரையின் மேல் பகுதியைச் சற்றுப் பின்னால் சாய்த்தால் மேல் வரிகளும் கீழ் வரிகளும் கண்ணுக்கு ஒரே தூரத்தில் வரும். கண்ணுக்கும் திரைக்கும் இடையே ஒரு கை நீளம், 50 முதல் 70 செ.மீ. வரை. கீழ்ப்பாதியால் வாசிக்கும் கண்ணாடி போடுகிறவர்கள் இன்னும் தாழ்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாடியைத் தூக்கித் தூக்கியே பிடரி வலிக்கும்.

வாசற்பக்கம் திறந்த கடை என்றால் திரையை வாசலுக்கு நேரே திருப்பி வைக்காதீர்கள். வெயிலின் பளபளப்பு நிமிர்ந்த திரையில் மேலிருந்து கீழ் வரை விழும்.

விண்டோஸில் மாற்றுவது

திரையின் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து டிஸ்பிளே செற்றிங்ஸைத் திறங்கள். இரண்டு மொனிற்றர் இருந்தால், அல்லது லப்டொப்போடு இணைத்திருந்தால், மேலே 1, 2 என்று கட்டங்கள் தெரியும். ஐடென்ரிஃபை பொத்தானை அழுத்தினால் எது எந்தத் திரை என்று இலக்கம் காட்டும். நிமிர்த்திய திரைக்குரிய கட்டத்தைத் தெரிவு செய்த பிறகே கீழே போக வேண்டும். டிஸ்பிளே ஒரியன்ரேஷன் என்ற இடத்தில் லான்ட்ஸ்கேப் என்றிருக்கும். அதைப் போர்ட்ரெயிட் ஆக்குங்கள். படம் தலைகீழாக வந்தால் போர்ட்ரெயிட் ஃபிளிப்ட் என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

மாற்றியதும் கீப் சேஞ்சஸ் என்று ஒரு கேள்வி வரும். 15 விநாடிக்குள் சம்மதிக்காவிட்டால் தானாகவே பழையபடி மாறிவிடும். ஆகவே எதையும் அழுத்தப் பயப்பட வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு வைத்திருப்பவர்களுக்கும் செற்றிங்ஸில் டிஸ்பிளேஸ் பகுதியில் இதே தெரிவு இருக்கிறது.

ஸ்கேல் என்ற இடத்தில் 100 வீதமாகவே விடுங்கள். 125 ஆக்கினால் எல்லாம் பெரிதாகும், ஆனால் 1080 பிக்சல் அகலம் 864 போலச் சுருங்கிவிடும். மெனுக்கள் நெருங்கி, சில இணையப் பக்கங்கள் கைபேசி வடிவத்துக்கு மாறும். எழுத்துப் பெரிதாக வேண்டுமென்றால் வேர்டுக்குள் பெருப்பிப்பதே நல்லது.

இரண்டு திரை இருந்தால் செற்றிங்ஸில் தெரியும் கட்டங்களை இழுத்து, மேசையில் எப்படி நிற்கின்றனவோ அப்படியே வையுங்கள். உயரம் வேறு என்பதால் சுட்டி ஒரு திரையிலிருந்து மற்றதுக்குப் போகும்போது ஓரிடத்தில் முட்டி நிற்கும். இரண்டின் நடுவையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவந்தால் அந்தத் தொல்லை குறையும்.

எழுத்து மங்கலாகத் தெரிந்தால்

திருப்பிய பிறகு சிலருக்கு எழுத்தின் ஓரத்தில் மெல்லிய சிவப்பு, நீல நிழல் தெரியும். காரணம் இதுதான். திரையின் ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எழுத்தைத் தெளிவாகக் காட்ட விண்டோஸில் உள்ள கிளியர்டைப் வசதி அந்த வரிசையை நம்பித்தான் எழுத்தின் விளிம்பை மழுக்குகிறது. திரை திரும்பியதும் அந்தக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகிவிடுகின்றன. கணக்குப் பிழைக்கிறது.

தேடல் பெட்டியில் கிளியர்டைப் என்று ஆங்கிலத்தில் தட்டினால் அதைச் சரிசெய்யும் கருவி வரும். அது காட்டும் மாதிரிகளில் உங்களுக்குத் தெளிவாகத் தெரிவதைத் தெரிவு செய்துகொண்டே போங்கள். அதன் பிறகும் நிழல் தெரிந்தால் கிளியர்டைப்பை நிறுத்திப் பாருங்கள். வேர்ட் 2013க்குப் பிந்திய பதிப்புகள் நிறம் சேர்க்காமல் சாம்பல் நிறத்தால்தான் எழுத்தை மழுக்குகின்றன. அதனால் தாளுக்குள் இந்தக் கோளாறு அவ்வளவாக இராது.

வேர்டை ஒழுங்குபடுத்துதல்

உயரம் தாராளமாகக் கிடைத்துவிட்டது. இனி அகலத்தைக் காப்பாற்ற வேண்டும். இடப்பக்கம் நவிகேஷன் பட்டி திறந்திருந்தால் மூடுங்கள். வலப்பக்கம் வரும் பட்டிகளையும் மூடுங்கள். லிப்ரே ஒஃபிஸ் என்றால் பக்கப்பட்டியை மறைக்க கன்ட்ரோல், எஃப்5. வேர்டில் ரிபனைச் சுருக்க கன்ட்ரோல், எஃப்1. மறுபடி அழுத்தினால் திரும்பி வரும்.

வியூ மெனுவில் பேஜ் விட்த் கொடுத்தால் 24 அங்குலத் திரையில் 130 வீதம் அளவுக்கு வரும். பக்கம் முழுதும் தெரிந்துகொண்டே வேலை செய்யலாம். லீகல் தாள் என்றால் 120க்கு இறக்க வேண்டும், அது 14 அங்குல உயரம்.

அச்சாகப் போகும் உண்மை அளவைத் திரையிலேயே பார்க்கவும் வழி உண்டு. 24 அங்குலத் திரையில் ஸூமை 95 அல்லது 96 வீதத்துக்கு வையுங்கள். ஒரு வெற்று ஏ4 தாளை எடுத்துத் திரையில் தெரியும் பக்கத்தின் மேல் பிடியுங்கள். விளிம்புக்கு விளிம்பு பொருந்தும். வேறு அளவுத் திரை என்றால் பொருந்தும் வரை கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு சுட்டியின் சக்கரத்தை உருட்டி, வரும் எண்ணை எழுதி மொனிற்றர் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். “எழுத்து இவ்வளவு சின்னனாவே வரும்?” என்று கேட்கிற வாடிக்கையாளருக்குத் தாள் செலவில்லாமல் காட்டலாம்.

இந்த நிமிர்ந்த திரையின் முழுப் பயனும் தெரிவது கல்வெட்டு வேலையில். ஏ4 தாளை மடித்த ஏ5 அளவில்தான் பெரும்பாலும் அடிக்கிறோம். மல்டிபிள் பேஜஸ் கொடுத்து 90 வீதம் அளவில் வைத்தால் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பக்கம் ஒன்றாகத் தெரியும். எழுத்தும் வாசிக்கக்கூடியதாக இருக்கும். பஞ்சபுராணம் பக்கம் மாறி உடைந்திருக்கிறதா, திதி வெண்பாவின் கடைசி அடி மட்டும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளுப்பட்டிருக்கிறதா, படத்துக்குக் கீழே பெயர் இருக்கிறதா, நன்றி நவிலல் தனிப்பக்கத்தில் நிற்கிறதா, எல்லாம் ஒரே பார்வையில் பிடிபடும். வீட்டுக்காரரை மேசைக்குப் பக்கத்தில் இருத்திக் காட்டவும் இதுவே வசதி. ஒரு முறை கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், “தம்பி, மூத்த மருமகன்ர பேர் கீழ போயிட்டுது, அவர்தானே முதல் வரவேணும்” என்றார். உறவினர் பட்டியல் முழுவதும் அவர் கண்முன்னால் ஒன்றாக நின்றதால்தான் அந்த வரிசைப்பிழை தெரிந்தது. இறந்தவரின் பெயரைத் தாங்கி வீடு வீடாகப் போகிற புத்தகம் அது. அதில் பிழை வரக் கூடாது.

வினாத்தாள் அடிக்கிற ஆசிரியர்களுக்கும், வவுனியாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வறிக்கை எழுதுகிற பிள்ளைகளுக்கும் வேர்டின் ஸ்பிளிற் வசதியைச் சொல்லாமல் விட முடியாது. கன்ட்ரோல், ஓல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரே ஆவணம் மேல், கீழ் என இரண்டாகப் பிரியும். மேலே முதலாம் பக்கத்தின் வினாவை நிறுத்திவிட்டு, கீழே புள்ளித்திட்டத்தை அடிக்கலாம். படுத்த திரையில் இப்படிப் பிரித்தால் ஒவ்வொரு பாதியிலும் சில வரிதான் மிஞ்சும்; நிமிர்ந்த திரையில் ஒவ்வொரு பாதியும் தாராளமாக அரைப் பக்கம் காட்டும்.

கையெழுத்துப் பிரதி மேலே, வேர்ட் கீழே

கையால் எழுதிய பிரதியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் இப்போது வழக்கம். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் திருத்தங்கள் அப்படித்தான் வருகின்றன. அந்தப் படத்தைத் திரையின் மேல் பாதியில் வைத்து, கீழ்ப் பாதியில் வேர்டை வையுங்கள். கண் மேலிருந்து கீழே இறங்கி ஏறும், கழுத்துத் திரும்பாது.

விண்டோஸ் 11இல் ஜன்னலின் பெரிதாக்கும் பொத்தான் மேல் சுட்டியைக் கொண்டுபோனால், நிமிர்ந்த திரைக்கேற்ற மேல்–கீழ் அமைப்புகளை அதுவே காட்டும். விண்டோஸ் 10இல் டாஸ்க்பாரில் வலது கிளிக் செய்து ஷோ விண்டோஸ் ஸ்ராக்ட் கொடுங்கள். தேவையற்ற ஜன்னல்களை முதலில் சுருக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவையும் வந்து அடுக்கில் சேரும். இரண்டும் வேர்ட் ஆவணங்கள் என்றால் வியூ மெனுவில் அரேன்ஜ் ஓல் போதும், ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிவிடும்.

எதற்கு ஒத்துவராது

அகலமான எக்செல் அட்டவணை, மாணவர் வரவு இடாப்பு, குறுக்குத் தாளில் அடிக்கும் சான்றிதழ், பனர், இணையவழி வகுப்பு. இவற்றுக்கு நிமிர்ந்த திரை உதவாது. இரண்டு திரை வைக்க வசதி இருந்தால் பழையதைப் படுத்தபடியே விட்டு, எழுத்து வேலைக்கு மட்டும் மற்றதை நிமிர்த்துங்கள். ஒன்றுதான் என்றால் சுழலும் ஸ்ராண்டோடு வாங்குவதே புத்தி. காலையில் எக்செல் வேலையை முடித்துவிட்டு, அதன் பிறகு நிமிர்த்தி மற்ற வேலையைப் பார்க்கலாம். பழைய இன்ரெல் கிராபிக்ஸ் றைவர் உள்ள கணினிகளில் கன்ட்ரோல், ஓல்ட் இரண்டோடும் அம்புக்குறியை அழுத்தினாலே படம் திரும்பும். மேல் அம்பு பழைய நிலைக்குக் கொண்டுவரும். புதிய கணினிகளில் இது வேலை செய்யாவிட்டால் செற்றிங்ஸ் வழியே போகுங்கள்.

சோளகம் வீசும் மாதங்களில் புழுதி நிமிர்ந்த திரையின் ஓரத் துளைகளில் படியும். கணினியை நிறுத்திவிட்டு உலர்ந்த மென்துணியால் துடையுங்கள், தண்ணீர் தெளிக்க வேண்டாம். மேசைக் கை அல்லது தச்சர் செய்த ஸ்ராண்ட் என்றால் துடைக்கும்போதே நான்கு திருகையும் ஒருமுறை தொட்டுப் பார்த்து, தளர்ந்திருந்தால் இறுக்கிவிடுங்கள்.